மார்ஷல் நேசமணி யார், அவர் கேட்டது என்ன?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "நவம்பர் 1 வந்தால் நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறார்கள். குமரித் தந்தை என்கிறார்கள். அவருடைய பின்னணி என்ன? தமிழ்நாட்டோடு இணைந்தது தவிர வேறு விஷயங்களில் அவர் நிலைப்பாடு என்ன? நாடார் சாதித் தலைவர், அவ்வளவுதான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?"

நல்ல கேள்வி. சினிமாவில் சுத்தியல் தலையில் விழுந்த காண்ட்ராக்டர் ஒருவர் இதே பெயரில் 2019-ல் உலகம் முழுக்க டிரெண்ட் ஆன பிறகு, இணையத்தில் நேசமணி என்று தேடினால் முதலில் வருவது அவர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய குமரி மாவட்டம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'மார்ஷல்' என்பது ராணுவப் பதவி இல்லை, மக்கள் வைத்த பட்டம். அந்தப் பட்டத்தால் நேசமணி என்றாலே ஊர்வலம், தடியடி, சிறை என்ற படம்தான் மனதில் வருகிறது. என் பார்வையில் அவர் அடிப்படையில் ஒரு சட்டசபைக்காரர். மன்னராட்சிக் காலத் திருவிதாங்கூரின் சட்டசபையான ஸ்ரீமூலம் சபையில் தொடங்கி, திருவிதாங்கூர் சட்டமன்றம், இந்திய மக்களவை, சென்னை சட்டமன்றம், மறுபடியும் மக்களவை என்று கடைசி மூச்சு வரை உறுப்பினராக இருந்தவர். தெருவில் நடந்ததை ஓட்டாகவும், ஓட்டைச் சபை எண்ணிக்கையாகவும், அந்த எண்ணிக்கையைப் பேரமாகவும் மாற்றத் தெரிந்தவர். இதை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர் வெறும் சிலைதான்.

பிறந்தது 1895 ஜூன் 12, விளவங்கோடு தாலுகாவில் பள்ளியாடியில். சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பம். அதே ஆண்டு அக்டோபரில்தான் பீர்மேடு மலையில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அந்தப் பீர்மேட்டைக் கேட்டுத்தான் பின்னாளில் அவர் மன்றாடப் போகிறார். அவர் பிறப்பதற்கு 36 வருடம் முன்னால், 1859-ல்தான், நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதுவும் சும்மா வரவில்லை. தோள்சீலைக் கலகம் என்று நாம் சொல்லும் பல பத்தாண்டுச் சண்டைக்குப் பிறகு, சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு வந்தது. பள்ளியாடியில் அந்தத் தலைமுறைக் குழந்தைக்குப் பாட்டிமார் சொல்லும் கதை எதுவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, 1921-ல் நாகர்கோவிலில் வக்கீலாக இறங்கினார். கிரிமினல் வழக்குகளில் பெயர் எடுத்தார். அந்த நாளில் இங்கே கோர்ட்டுக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருந்தது. மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. நேசமணி முதல் நாளே முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்று இன்றும் நாகர்கோவில் வக்கீல்கள் சொல்வார்கள். சொல்பவருக்குத் தக்கபடி கதையில் காரம் கூடும், குறையும். ஆனால் அவருடைய அரசியலின் விதை அங்கேதான் இருக்கிறது. அவர் தயவு கேட்கவில்லை, உட்காரும் இடத்தைக் கேட்டார். கடைசி வரை அவர் கேட்டது அதைத்தான். கோர்ட்டில் இடம், நகராட்சியில் இடம், சபையில் இடம், அப்புறம் தேசப்படத்தில் இடம்.

1940-களில் வழக்கறிஞர் சங்கத் தலைவர், நாகர்கோவில் நகராட்சித் தலைவர், ஸ்ரீமூலம் சபை உறுப்பினர் என்று மூன்று இடத்திலும் இருந்தார். திருவிதாங்கூர் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான ராஜ்யம். 1888-லேயே சட்டசபை வைத்த சமஸ்தானம் அது. படிப்பிலும் முன்னால் நின்றது. ஆனால் ஓட்டுரிமை சொத்தையும் வரியையும் பார்த்துக் கொடுக்கப்பட்டது. அரசாங்க வேலையில் யாருக்கு எத்தனை இடம் என்பதற்காக 1930-களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நிவர்த்தனக் கிளர்ச்சி என்று தேர்தலையே புறக்கணித்துப் போராடினார்கள். எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை இடம் கிடைக்கிறது என்று கணக்குப் போடும் அரசியலை நேசமணி கண்முன்னால் பார்த்து வளர்ந்தார்.

இப்போது இணைப்பு விஷயத்துக்கு வருவோம். இதை நேசமணிதான் தொடங்கினார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. 1945 டிசம்பரில் சாம் நத்தானியல் முதலானவர்கள் நாகர்கோவிலில் தமிழர்களுக்கென ஒரு காங்கிரஸைத் தொடங்கினார்கள். 1946-ல் அதன் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. நேசமணி உள்ளே வந்தது 1947-ல்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். ஏப்ரலில் திருச்சூரில் ஐக்கிய கேரள மாநாடு கூடியது. மலையாளம் பேசும் பகுதி எல்லாம் ஒரே மாநிலம் ஆகவேண்டும் என்றது. ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலையில் அவரைத் திருவனந்தபுரத்தில் வெட்டினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. இந்தக் கலக்கத்தில் தெற்குத் தாலுகாக்காரன் முன்னால் ஒரு கேள்வி நின்றது. நாளைக்குக் கேரளம் வந்தால் நாம் எந்தப் பக்கம்? ராஜா காலத்தில் தமிழனும் மலையாளியும் ஒரே ராஜாவின் பிரஜைகள். மொழிவாரி மாநிலம் வந்துவிட்டால், இங்குள்ள தமிழன் அரசாங்க மொழி தெரியாத சிறுபான்மை ஆகிவிடுவான். நேசமணி போன்ற கணக்குத் தெரிந்த வக்கீலுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

1948 தொடக்கத்தில் வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற முறையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸுக்கு 97, நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14. ஆளும் கட்சிக்கு அந்த 14 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் 14 பேரும் ஒரே கோரிக்கைக்காக, தெற்கிலும் மலையோரத்திலும் இருந்த தமிழர்களிடம் ஜெயித்தவர்கள். கோரிக்கை மக்களுடையதுதான் என்று காட்ட அது போதும்.

1949-ல் கொச்சியும் திருவிதாங்கூரும் சேர்ந்து ஒரே ராஜ்யமாயின. முதல் பொதுத் தேர்தலில் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் அவர் கட்சிக்கு 108-ல் 8 இடம். இங்கேதான் விளையாட்டு மாறியது. எந்தக் கட்சிக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லை. ஏ.ஜே. ஜான் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைய இந்த எட்டுப் பேர் ஆதரவு கொடுத்தார்கள். கேட்டது நடக்கவில்லை என்றதும் ஆதரவை விலக்கினார்கள், 1953-ல் அந்த மந்திரிசபை போய்விட்டது. 1954 தேர்தலில் எட்டு பன்னிரண்டாக உயர்ந்தது. அப்போது வெறும் 19 இடம் வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் முதலமைச்சர் ஆனார்.

அந்தப் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில்தான் நம் மாவட்டத்தின் மிக மோசமான நாள் வந்தது. 1954 ஜூலையில் நேசமணியும் தோழர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் பக்கத்து மூணாறுக்குப் போய்த் தடையை மீறிக் கைதானார்கள். ஆகஸ்ட் 11-ஐ 'விடுதலை நாள்' என்று கட்சி அறிவித்தது. அன்று மார்த்தாண்டத்திலும் (பழைய ஆட்களுக்குத் தொடுவெட்டி) புதுக்கடையிலும் போலீஸ் கூட்டத்தின்மேல் சுட்டது. பலர் செத்தார்கள். பிறகு ஊர் ஊராகக் கைது, அடி, தேடல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பல குடும்பங்களில் இதைப் பற்றி இன்றும் பேச்சு உண்டு.

இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஓர் அகில இந்திய விளைவு உண்டு, அது பாடப்புத்தகத்தில் வருவதில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது நைனி சிறையில் இருந்தார். சொந்தக் கட்சி முதலமைச்சரை ராஜினாமா செய்யச் சொல்லி அங்கிருந்து தந்தி கொடுத்தார். மக்களைச் சுடும் அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. பட்டம் விலகவில்லை. கட்சிக்குள் மூண்ட சண்டை லோகியா வெளியேறித் தனிக் கட்சி கட்டும் வரை போனது. புதுக்கடையில் வெடித்த துப்பாக்கி இந்திய சோஷலிஸ்ட் இயக்கத்தையே பிளந்தது என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பட்டம் ஆட்சி விழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸின் ஓட்டு அதில் இருந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனனின் காங்கிரஸ் ஆட்சியும் ஓராண்டு கொஞ்சம் தாண்டியதும் போய்விட்டது. சிறு கட்சி ஒன்று தன் எண்ணிக்கையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம். மந்திரி பதவியோடு திருப்திப்பட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கிடையில் டெல்லியில் ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் வேலை செய்துகொண்டிருந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் என்று ஒன்பது தாலுகா கேட்டது. 1955 செப்டம்பர் இறுதியில் வந்த அறிக்கை, தெற்கு நான்கையும் செங்கோட்டையையும் கொடுக்கலாம் என்றது. கே.எம். பணிக்கர் திருவிதாங்கூரிலேயே பிறந்த மலையாளி. அவரும் இதில் கையெழுத்துப் போட்டார் என்றால், தெற்கு நான்கு தாலுகாக்களைப் பொறுத்தவரை வாதம் அவ்வளவு பலமாக இருந்தது என்று அர்த்தம்.

தேவிகுளம், பீர்மேடு வேறு கதை. தேவிகுளத்தில் தமிழர்கள் பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. அவர்கள் தோட்டக் கூலிக்கு வந்தவர்கள், நிலையான குடிகள் இல்லை, கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அந்த மலை வேண்டும் என்று காரணம் சொன்னது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்து லயத்திலேயே இறந்தவர்களை வந்துபோகிறவர்கள் என்பது எந்த நியாயம்? நேசமணிக்கும் இதில் சமாதானம் இல்லை, மக்களவையில் இதற்காக வாதாடினார். ஆனால் சென்னை அரசும் அங்கிருந்த காங்கிரஸ் தலைமையும் மலைக்காகக் கேரளத்தோடு மோதத் தயாராக இல்லை. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் குரல் கொடுத்தது. நம் மண்ணில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இணைப்பை ஆதரித்தார், ஆனால் அவர் 1954-லேயே காலமாகிவிட்டார்.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையில் ஒரு பகுதி மட்டும் திருநெல்வேலியோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. இதன் விலையை விளவங்கோட்டு விவசாயி இன்றும் கொடுக்கிறான். நெய்யாறு அணை கேரளத்தில். அதன் இடதுகரைக் கால்வாய் நம் பக்கம் பாயவேண்டியது. 2004-லிருந்து கேரளம் தண்ணீர் விடுவதில்லை. எல்லைக் கல் நாலைந்து மைல் தள்ளி நடப்பட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. இன்னொரு பக்கம், நம் கல்குளம் தாலுகாவில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். டிக்கெட் கொடுப்பதும் அவர்கள்தான்.

சரி, இணைப்பு தவிர மற்ற விஷயங்கள்.

சாதி பற்றி அவர் நிலைப்பாடு அந்த முக்காலிக் கதையிலேயே இருக்கிறது. மொழி பற்றி, தமிழ் உயர்ந்தது என்ற மேடை முழக்கத்தைவிட, அரசாங்க ஆபீஸிலும் கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஏழைத் தமிழன் தன் மொழியில் காரியம் முடிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். தேசம் பற்றி, அவரை மலையாளத்துக்கு எதிரானவர் என்றோ பிரிவினைவாதி என்றோ சொன்னவர்கள் அன்றைக்கு உண்டு. ஆனால் அவர் கட்சி கேட்டது இந்திய யூனியனுக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றம். அதற்கு மேல் எதுவும் இல்லை. கட்சியின் பெயரிலேயே காங்கிரஸ் இருந்தது, வேலை முடிந்ததும் 1957-ல் அதைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார்கள். பேரம் பேசும் பலத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். நெய்யாற்றின்கரையும் பீர்மேடும் பாக்கி இருக்கும்போது கடையை மூடியது அவசரம்.

நிலம் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் அரசு நிலம் பண்டாரவகை, பத்மநாபசுவாமி கோயில் நிலம் ஸ்ரீபண்டாரவகை, ஜன்மிகள் (பரம்பரை நிலவுடைமையாளர்கள்) நிலம் வேறு என்று ஆளுக்கொரு சட்டம். 1865-ல் அரசு நிலத்துக் குடியானவனுக்கு உரிமை கிடைத்தது. கோயில் நிலத்திலும் ஜன்மி நிலத்திலும் குடியானவனுக்கு அது இல்லை. இணைப்புக்குப் பிறகு இந்தப் பழைய முடிச்சைச் சென்னை அரசு தனிச் சட்டங்களால் அவிழ்த்தது. ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக்கும் (குடியானவனே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டாதாரராக்கும்) சட்டம் 1964-ல் வந்தது. இதை நேசமணியின் தனிச் சாதனை என்று எழுதிவிடாதீர்கள், பலர் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் இணைப்பு என்பது வெறும் மொழி உணர்ச்சி இல்லை, காலடி மண்ணின் பட்டாவும் அதில் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

கடைசியாக அந்தச் சாதிக் கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். இயக்கத்தின் முதுகெலும்பு விளவங்கோடு, கல்குளம் தாலுகாவின் நாடார்கள், அதிலும் கிறிஸ்தவர்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்றதும் பெரும்பாலும் அவர்கள்தான். நாஞ்சில் நாட்டு (தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து) வெள்ளாளர்களில் ஒரு பகுதியினர் நீண்ட நாள் ஒதுங்கி நின்றார்கள். திருவனந்தபுரத்து அரசாங்கத்தில் அவர்களுக்கு வேலையும் செல்வாக்கும் இருந்தது, புதிய மாவட்டத்தில் எண்ணிக்கை நாடார் பக்கம் சாயும் என்ற பயமும் இருந்தது. கட்சிக்குள்ளும் பிளவு வந்தது, தலைமைச் சண்டையும் வந்தது. இதை மறைத்து எழுதும் ஜெயந்திக் கட்டுரைகளால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் 'நாடார் தலைவர், அவ்வளவுதான்' என்பதில் அந்த 'அவ்வளவுதான்' தப்பு. பக்கத்தில் நின்ற அப்துல் ரசாக் முஸ்லிம். செங்கோட்டையில் இதற்காகச் சிறை போன சட்டநாத கரையாளர் வேறு சமூகம். தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களுக்காக மூணாறுக்குப் போய்க் கைதானதால் விளவங்கோட்டில் நேசமணிக்கு ஒரு ஓட்டும் கூடியிருக்காது. நாடாராக அவமானத்தை அறிந்தவர், அந்த அறிவைத் தமிழர் என்ற பெரிய எண்ணிக்கைக்குள் கொண்டுபோனார் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

1956-க்குப் பிந்தைய நேசமணி பற்றி யாரும் பேசுவதில்லை. 1957-ல் கிள்ளியூரிலிருந்து சென்னை சட்டமன்றம் போனார். 1962-ல் மீண்டும் நாகர்கோவில் மக்களவை உறுப்பினர். இந்தக் காலத்தில்தான் மாத்தூர்த் தொட்டிப்பாலம் போன்ற வேலைகள் நடந்தன, பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீர் கிழக்கிலிருந்து விளவங்கோட்டு மேட்டுக்கு வந்தது. 1967-ல் தமிழ்நாடு முழுக்கத் திமுக அலை. 39 மக்களவைத் தொகுதியில் காங்கிரஸுக்கு மிஞ்சியது மூன்று, அதில் ஒன்று நாகர்கோவில். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தலில் எழுபதைத் தாண்டிய நேசமணி ஜெயித்தார். மாவட்டம் அன்றிலிருந்தே மாநில அலைக்குத் தனியாக நிற்கும் பழக்கம் உள்ளது, இதை இன்றைய தேர்தல் முடிவுகளிலும் பார்க்கலாம்.

1968 ஜூன் 1-ல், பதவியில் இருக்கும்போதே நேசமணி காலமானார். காலியான அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் நின்றவர் காமராஜர். தேவிகுளத்துக்காகக் கேரளத்தோடு மோத வேண்டாம் என்று 1956-ல் முடிவு செய்த அதே முதலமைச்சரை, நேசமணியின் தொகுதி பெரிய வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பியது.